தீராத நோயோடு வீட்டில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வது: நெல்லைப் பக்கத்து வீடுகளில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, முக்கூடல் பக்கத்து ஊர்களில் பாலியேட்டிவ் நர்ஸ் கூடத் துணைக்குப் போகிற தன்னார்வலர் நான். மருத்துவர் இல்லை. மருந்தின் அளவை உங்கள் மருத்துவரும் நர்சும்தான் சொல்ல வேண்டும். ஆனால் வீடுகளில் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். திண்ணையில் நின்று தணிந்த குரலில் கேட்பார்கள், சிலர் நாங்கள் கிளம்பும்போது வண்டி வரைக்கும் கூடவே வந்து கேட்பார்கள். அவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

இதில் இறங்கியதற்குக் காரணம் என் அம்மா. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியபோது, "இனி செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று ஒரு மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையில் பாரசிட்டமால் சீட்டு ஒன்றுதான். அடுத்த 19 நாள் அம்மா தூங்கவே இல்லை. அந்த வலிக்கு மருந்து உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. எங்கள் தெருவுக்கு வந்துபோகிற கிராம சுகாதார நர்ஸ் ஒருவர் அம்மாவின் முனகலைக் கேட்டு உள்ளே வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் மார்ஃபின் மாத்திரை வந்தது. இரண்டாம் நாள் ராத்திரி அம்மா ஆறு மணி நேரம் தூங்கினாள். காலையில் எழுந்து கருப்பட்டிக் காப்பி கேட்டாள். அந்த 19 நாள் வேறு யார் வீட்டிலும் வரக் கூடாது.

பாலியேட்டிவ் என்றால் என்ன? கைவிட்டவர்களுக்குச் செய்யும் வைத்தியமா?

இல்லை. அரசு ஏட்டில் 'வலி நிவாரண ஆதரவு சிகிச்சை' என்று இருக்கும். வலி, மூச்சுத் திணறல், வாந்தி, புண், தூக்கமின்மை, பயம், வீட்டுக்காரர்களின் தவிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற வைத்தியம் இது. நோயைக் குணமாக்கும் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே இதையும் தொடங்கலாம், தொடங்குவதுதான் நல்லது. 2010-இல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆரம்பத்திலேயே இந்தச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களின் சராசரி ஆயுள் 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். வலி குறைந்தவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், மனம் தெளிகிறார். வாழ்நாளும் கொஞ்சம் கூடினால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

எங்களை நிறையப் பேர் கடைசி ஒரு வாரத்தில்தான் கூப்பிடுகிறார்கள். ஆறு மாதம் முன்னால் கூப்பிட்டிருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம்.

கேன்சர்காரர்களுக்கு மட்டும்தானா?

எல்லா நாள்பட்ட நோய்க்கும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர், பக்கவாதத்தில் படுத்தவர், இதயம் பலவீனமானவர், பீடி குடித்து நுரையீரல் கெட்டவர், கல்லீரல் சுருங்கியவர், நினைவு தப்பிய ஆச்சி, எல்லாருக்கும்தான்.

எங்கே போய்க் கேட்பது? செலவு எவ்வளவு?

முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் தருவதும் அதே திட்டத்தில் உண்டு. மாத்திரை கொண்டுவருகிற பெண்ணிடம் "எங்க வீட்ல ஒரு ஆள் படுக்கையில் இருக்காங்க, பாலியேட்டிவ் நர்ஸை வரச் சொல்லுங்க" என்று சொன்னால் போதும். காசு கிடையாது. அலைபேசியில் கேட்க 104.

மார்ஃபினோ கதிர்வீச்சோ தேவைப்பட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலிக்கு ஒரே ஒரு முறை கதிர்வீச்சு வைப்பதே பலருக்கு வலியைக் கணிசமாகக் குறைக்கும். 'கரண்டு வைக்கிறது' என்றால் 30 நாள் அலைய வேண்டும் என்று பயந்துகொண்டு பலர் வேண்டாம் என்றுவிடுகிறார்கள். "வலிக்காக மட்டும் ஒரு தடவை வைக்க முடியுமா டாக்டர்?" என்று நீங்களாகவே கேளுங்கள். என் அம்மாவுக்கு அதைக் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில், அதாவது அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தில், சிகிச்சை எடுத்துவிட்டு ஊர் திரும்பியவர்களும் நம் பக்கம் நிறைய. கேரளத்தில் 1993-லேயே கோழிக்கோட்டில் இந்தச் சேவை வேர்விட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற அமைப்பை ஏற்படுத்தினார். அங்கே சிகிச்சை பார்த்தவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மலையாளத்தில் சொன்னது பாதிதான் புரிந்தது என்றாலும், சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து இங்கே உள்ள மருத்துவர் அதே மருந்தைத் தொடர முடியும்.

மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்கிறார்களே? அடிமையாகிவிட மாட்டார்களா?

என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான்.

கசகசாச் செடியின் பாலிலிருந்து, அதாவது அபினிலிருந்து எடுக்கிற மருந்து மார்ஃபின். அதனால்தான் பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் பயம். வலிக்குத் தகுந்த சிறு அளவில் தொடங்கி, மருத்துவர் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் கொடுக்கும்போது அது உயிரைக் குறைப்பதில்லை. பல வீடுகளில் கடைசி வாரத்தில்தான் இந்த மருந்து உள்ளே வருகிறது. வந்த சில நாளில் அவர் இறந்துபோகிறார். உடனே பழி மருந்தின் மேல் விழுகிறது. நோய் முற்றியதால் வலி கூடியது, வலி கூடியதால் மருந்து வந்தது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

போதைக்காகத் தேடி அலைவது வேறு, வலிக்காக நேரத்துக்கு எடுப்பது வேறு. வலிக்கு எடுப்பவர் அடுத்த வேளை மாத்திரையைக் கேட்டால், அது வலி திரும்பி வருவதால் கேட்பது. உடம்பு மருந்துக்குப் பழகும், உண்மைதான். அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலி வேறு வகையில் குறைந்துவிட்டால் மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம்தான் நிற்கும். அதனால் வலி வந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருக்கக் கூடாது. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காக இரவு வேளைக்கு மட்டும் அளவைக் கூட்டி எழுதுவது உண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்வார், நீங்களாக இரட்டிப்பாக்க வேண்டாம். நடுவில் வலி முட்டிக்கொண்டு வந்தால் கொடுக்க ஒரு கூடுதல் வேளையும் எழுதித் தருவார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை தடவை கொடுத்தீர்கள் என்று பழைய நோட்டு ஒன்றில் எழுதி வையுங்கள், அடுத்த அளவை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு விலகும். பல நாள் தூங்காதவர் வலி விட்டதும் அசந்து தூங்குவதும் இதில் சேர்த்தி, பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். விலகாத ஒன்று மலச்சிக்கல். மார்ஃபின் எடுக்கும் வரைக்கும் அது இருக்கும், வாழைப்பழம் மட்டும் போதாது. மார்ஃபினோடு மலமிளக்கி மாத்திரை எழுதவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள். நான்கு நாள் வெளியே போகாமல் வயிறு கல்லாகி, அந்த வேதனையில் "இந்த மாத்திரையே வேண்டாம்" என்று நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்து உடம்பில் தங்கும். அவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எழுப்பினாலும் எழாத மயக்கம், மூச்சு மிக மெதுவாவது, புதிதாக உடம்பு வெட்டி வெட்டி இழுப்பது, இப்படி எது வந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே நர்சைக் கூப்பிடுங்கள்.

அவ்வளவு நல்ல மருந்து என்றால் மருந்துக்கடையில் ஏன் கிடைப்பதில்லை?

1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கடத்தலைத் தடுக்க வந்த சட்டம், வலியில் துடிப்பவருக்கும் கதவைச் சாத்திவிட்டது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்க நாலைந்து உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்ஃபின் உட்பட 6 மருந்துகளை 'இன்றியமையாத போதை மருந்துகள்' என்று பிரித்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். ஆனாலும் அனுமதி வாங்காத இடங்கள் இன்னும் நிறைய. அதனால் போகும்போதே "இங்கே மார்ஃபின் மாத்திரை உண்டா, இல்லை என்றால் எங்கே எழுதித் தருவீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். நோயின் சீட்டுகளோடு வீட்டுக்காரர் ஒருவர் போனாலும் பல இடங்களில் தருவார்கள், போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

எவ்வளவு வலி என்று நமக்கு எப்படித் தெரியும்?

அவர் சொல்வதுதான் அளவு. "பத்துக்கு எத்தனை?" என்று கேட்பது மருத்துவமனை வழக்கம். பீடி சுற்றியே வாழ்ந்த ஒரு ஆச்சியிடம் அப்படிக் கேட்டபோது விழித்தார். "ஒரு ரூவாய்க்கு எத்தனை காசு வலி ஆச்சி?" என்றதும், "முக்கா ரூவா இருக்கும்ட்டி" என்று உடனே வந்தது. மருந்து கொடுத்த மறுநாள் "நாலணாக்குக் கொறஞ்சிட்டு." வாய் பேச முடியாதவர் என்றால் நெற்றிச் சுருக்கத்தையும், திருப்பிப் போடும்போது கை தடுப்பதையும் பாருங்கள். நம் ஆண்கள் பலர் வலியைச் சொல்லவே மாட்டார்கள். அவர்கள் சிடுசிடுப்பதும், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதும் வலியாக இருக்கலாம்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறார். ஒரு பாட்டில் குளுக்கோஸாவது போடலாமே?

இந்தத் தவிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். நம் ஊரில் அன்பைச் சோற்றில்தான் காட்டுவோம். "ரெண்டு வாய் சாப்பிட்டாத் தெம்பு வந்துரும்" என்று அம்மாவின் வாயில் நானே திணித்திருக்கிறேன். அவள் எனக்காக விழுங்கினாள், பிறகு வாந்தியெடுத்தாள்.

நோய் முற்றிய உடம்பு உணவை ஏற்றுக்கொள்ளும் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துகிறது. சாப்பிடாததால் அவர் போகவில்லை. உடம்பு போய்க்கொண்டிருப்பதால் பசி அடங்குகிறது. அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. நன்றாக இருக்கும்போது இரண்டு டம்ளர் காப்பியில் போய்விடுகிற சர்க்கரை அது. கடைசி நாட்களில் அந்தத் தண்ணீரை உடம்பு வெளியேற்ற முடியாமல் கால் வீங்கும், நெஞ்சில் சளி சேரும், மூச்சு இரையும். வாந்தி, பேதியால் தண்ணீர் வற்றி, இன்னும் எழுந்து நடமாடக் கூடிய ஆளுக்கு டிரிப்ஸ் போடுவது வேறு விஷயம், அதற்குப் பலன் உண்டு.

அப்புறம் என்ன கொடுப்பது? கேட்பதை, கேட்கும்போது, கேட்கிற அளவு. இரண்டு ஸ்பூன் இளநீர், ஒரு நுங்கு, பழைய சோற்றுத் தண்ணீர், ஆசைப்பட்டால் சொதியில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைப்பது. சர்க்கரை நோய்ப் பத்தியத்தை இந்தக் கட்டத்தில் எவ்வளவு தளர்த்தலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் நிறையவே தளர்த்துவார்கள். படுத்திருக்கும்போது ஊட்டாதீர்கள், தலையையும் முதுகையும் நிமிர்த்தி வைத்து ஊட்டுங்கள். விழுங்க முடியாமல் போனால் பஞ்சை நனைத்து வாயைத் துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவி விடுங்கள். வாய் ஈரமாக இருந்தாலே தாகத்தின் வேதனை பெருமளவு தணியும்.

புண்ணில் வாடை வருகிறது. அந்த அறைக்குள் யாரும் போவதில்லை. என்ன செய்ய?

கன்னத்திலும் வாயிலும் வரும் புற்றுநோயில் இது அதிகம். அந்த வாடை அவருக்கும் தெரியும், அதுதான் வேதனை. பேரப்பிள்ளை மூக்கைப் பொத்துவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதற்கு மிக மலிவான வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அதனால் புண்ணைக் கழுவ வேண்டும். நர்ஸ் சொல்கிறபடி மெட்ரோனிடசோல் மாத்திரையை மாவாகப் பொடித்து அதன் மேல் தூவ வேண்டும். வாடையை உண்டாக்கும் கிருமிகளை அது கொல்லும். சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். டெட்டால், மஞ்சள், சாம்பல் எதுவும் போடாதீர்கள். புழு வைத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். டர்பன்டைன் எண்ணெய் வைத்து வெளியே எடுக்க நர்சுக்குத் தெரியும். உங்கள் பராமரிப்புக் குறைவால் வந்தது என்று யாரும் சொல்லப் போவதில்லை, ஒரு ஈ உட்கார்ந்தால் போதும்.

ரத்தம் கசிகிற புண் என்றால் கருநீலம், மெரூன் போன்ற அடர் நிறத் துண்டுகள் சில கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். திடீரென்று ரத்தம் வந்தால் வெள்ளைத் துணியில் அது பத்து மடங்காகத் தெரிந்து நோயாளியையும் வீட்டையும் பதறவைத்துவிடும்.

படுக்கைப் புண் வராமல் தடுக்க?

2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதுதான் மருந்து. ஏர் பெட் இருந்தால் நல்லது, ஆனால் அது இருப்பதால் புரட்ட வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. விரிப்பில் சுருக்கமும் ஈரமும் இருக்கக் கூடாது. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள்.

மூச்சு முட்டுகிறது என்று பயப்படுகிறார்.

சாய்த்து உட்கார வையுங்கள், ஜன்னலைத் திறங்கள், மேஜை விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்புங்கள். முகத்தில் படுகிற காற்று உண்மையிலேயே மூச்சுத் திணறல் உணர்வைக் குறைக்கும். சுற்றி நிற்கும் பத்துப் பேரை வெளியே அனுப்புங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பவருக்கு சிலிண்டரால் பெரிய பலன் இல்லை. குறைந்த அளவு மார்ஃபின் இதற்கும் நல்ல மருந்து.

என்ன நோய் என்று அவரிடம் சொல்லலாமா? "அப்பாட்ட சொல்லிராதீங்க" என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

கிட்டத்தட்ட எல்லா வீட்டு வாசலிலும் எங்களை நிறுத்திச் சொல்வது இதைத்தான். உள்ளே போனால் அந்த அப்பா, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னன்னு தெரியும்மா. பிள்ளைகள்ட்ட சொல்லிராதீங்க, தாங்க மாட்டாங்க" என்பார். ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு, பேசாமலே நாட்களைக் கழிக்கிறார்கள்.

எழுபது வருஷம் அந்த உடம்போடு வாழ்ந்தவருக்கு அது போகிற போக்கு தெரியாமல் இருக்காது. வேஷ்டி இடுப்பில் நிற்காததை அவர்தான் தினமும் பார்க்கிறார். ஹைகிரவுண்டில் எந்த வார்டு வாசலில் உட்கார வைத்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். மறைப்பதால் நோய் மறைவதில்லை. தனியாகப் பயப்பட விடுகிறோம், அவ்வளவுதான்.

அதற்காகப் போய் நின்று "உங்களுக்குக் கேன்சர், மூணு மாசம்" என்று சொல்லச் சொல்லவில்லை. அது கொடுமை. முதலில் கேளுங்கள். "டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிஞ்சிது அப்பா?" "மனசுல என்ன ஓடுது?" அவர் "அதெல்லாம் நீங்க பார்த்துக்கோங்க" என்றால் அதுவும் ஒரு பதில், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அவராகவே "நான் பிழைப்பேனா?" என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "நோய் குணமாகிற கட்டம் தாண்டிட்டுன்னு சொல்லுதாங்க. ஆனா வலி இல்லாமப் பார்த்துக்குவோம். நாங்க கூடவே இருக்கோம்" என்று சொல்லலாம். அழுதால் கூட அழுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் நர்சைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், அது அவர்களுக்குப் பழக்கமான வேலைதான்.

சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று கேட்பார்கள். நான் பார்த்தவரைக்கும் முதல் நாள் கனமாக இருக்கும். பிறகு வேலைகள் தொடங்கும். வயல் பத்திரம் எங்கே, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், பேசாமல் இருந்த தம்பியை வரச் சொல்லு, சின்னவள் நகையை அடகிலிருந்து மீட்டுவிடு. ஒருவர் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் கால் நனைக்க வேண்டும் என்றார். ஆட்டோவில் கூட்டிப்போய்ப் படித்துறையில் உட்கார வைத்தோம், முக்கால் மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லாமல் இருந்திருந்தால் அதைக் கேட்டிருக்க மாட்டார்.

குழந்தைகளிடமும் அவர்கள் வயதுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். "தாத்தா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டால், ஊருக்குப் போகிறவர்களைப் பார்த்தெல்லாம் அந்தக் குழந்தை பயப்படும்.

பார்க்க வருகிறவர்கள் ஓயவில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து தலைமாட்டில் நின்று அழுகிறவர்களை வெளித் திண்ணையில் உட்கார வையுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு பேர், பத்து நிமிஷம். இதைச் சொல்லும் பொறுப்பை, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு சித்தப்பாவிடமோ மைனியிடமோ கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா, 108-ஐக் கூப்பிடலாமா?

அவரையே முன்கூட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் "என் வீட்லயே" என்பார்கள். அப்படி முடிவு செய்தால் எல்லாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மும்பையிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்து இறங்குகிற மகன் பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. போகிற வழியிலோ ஐ.சி.யூ. கண்ணாடிக்கு அந்தப் பக்கமோ, யாரும் கையைப் பிடிக்காமல் அவர் போய்விடுகிறார். அந்த மகனைக் குறை சொல்ல முடியாது, அவனிடம் யாரும் பேசவில்லை. போனிலேயே முன்கூட்டிப் பேசிவிடுங்கள்.

வலியோ மூச்சோ வீட்டில் அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவதில் தவறு எதுவும் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம், 'வீட்டில் உயிர் போகக் கூடாது' என்று சொல்கிற வீட்டுக்காரர்கள். முன்பே நேரில் பேசிவிடுங்கள், தேவைப்பட்டால் நர்சையும் கூட்டிப்போங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சொந்த ஊர் வீட்டுக்கு மாற்றுவதை, பயணம் தாங்குகிற நிலையிலேயே செய்துவிடுவது நல்லது.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா?

உண்டு. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, மானத்தோடு இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. புத்தி தெளிவாக இருக்கும்போதே, இன்ன நிலையில் இன்ன சிகிச்சை வேண்டாம் என்று எழுதி, தன் சார்பில் முடிவு சொல்ல ஒருவரைக் குறிப்பிட்டு, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கிக்கொள்ளலாம். அந்த நிலை வரும்போது மருத்துவமனையின் இரண்டு மருத்துவர் குழுக்கள் பார்த்து ஒப்ப வேண்டும். பத்திரம் எழுதாதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழி உண்டு. ஆனால் ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம்தான். பாலியேட்டிவ் அதைச் செய்வதில்லை.

நேரம் நெருங்கிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருப்பார். சிறுநீர் குறைந்து நிறம் கடுக்கும். கை கால் சில்லிட்டு, முட்டியிலும் பாதத்திலும் திட்டுத் திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, சில விநாடி நின்று மறுபடி வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். கேட்கிற நமக்குத்தான் அது வேதனை, அநேகமாக அவருக்கு அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். இறந்துபோன அம்மாவோ அண்ணனோ வந்து நிற்பதாகச் சிலர் சொல்வார்கள். அவர் பயப்படாதவரை மறுத்துப் பேச வேண்டாம்.

காது கேட்கிறது என்று நினைத்தே பேசுங்கள். சொத்துப் பேச்சும், துஷ்டிக்கு யார் யாருக்குச் சொல்வது என்ற பேச்சும் அந்த அறையில் வேண்டாம்.

உயிர் இழுத்துக்கொண்டே இருக்கிறது. பால் ஊற்றலாமா? மண் கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஏதோ ஆசை நிற்கிறது என்று சொந்த வயல் மண்ணைக் கரைத்து ஊற்றுவதும், காசை உரசி ஊற்றுவதும், உறவு முறையெல்லாம் வரிசையில் நின்று பால் ஊற்றுவதும் நம் பக்கம் பழைய வழக்கம். அதற்குள் இருக்கும் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றுகிற எதுவும் நெஞ்சுக்குள் போகும். கடைசி மூச்சைத் திணறலாக மாற்றிவிடும்.

அதனால் நான் சொல்வது இது: ஊற்றாதீர்கள், நனையுங்கள். தாமிரபரணித் தண்ணீரோ, பாலோ, ஜம்ஜம் தண்ணீரோ, பஞ்சிலோ விரல் நுனியிலோ தொட்டு உதட்டில் தடவுங்கள். ஒவ்வொருவராக வந்து தடவட்டும், முறையும் நடந்துவிடும். மண்ணைக் காலடியில் ஒரு தட்டில் வைக்கலாம், உள்ளங்கையில் வைத்து மூடலாம். மேலப்பாளையத்து வீடுகளில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கலிமா சொல்வார்கள், யாசீன் ஓதுவார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் ஜெபமும் பாட்டும் நடக்கும், கத்தோலிக்க வீடுகளுக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசுவார். இவை எதுவும் நோயாளியைத் தொந்தரவு செய்வதில்லை, அமைதிதான் தருகின்றன.

உயிர் பிரியும்முன் கட்டிலிலிருந்து தரையில் இறக்கும் வழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலும்பில் பரவிய நோய் என்றால் அந்தக் கடைசித் தூக்கலே பெரும் வலி. இரண்டு நாள் முன்பே தரையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிரிந்த பிறகு இறக்குங்கள்.

தென் மாவட்டங்களில் சில இடங்களில் 'தலைக்கூத்தல்' என்று ஒன்று உண்டு. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, முதியவரின் உயிரை முடித்துவைப்பது. அதைப் பற்றி மறைமுகமாக என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அது கொலை. கேட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, வேதனையைப் பார்க்க முடியாமல், உதவிக்கு யாரும் இல்லாமல் கேட்டார்கள். அந்த நிலையில் நீங்கள் இருந்தால் அன்றைக்கே நர்சைக் கூப்பிடுங்கள். வலியை அடக்கலாம், உங்களுக்கு இரண்டு நாள் ஓய்வுக்கும் வழி பார்க்கலாம்.

பார்த்துக்கொள்கிற எனக்கே முடியவில்லை. "சீக்கிரம் போய்விட்டால் தேவலை" என்று நினைத்துவிட்டேன்.

அப்படி நினைக்காதவர்கள் குறைவு. அது பாவம் இல்லை, களைப்பு. வீட்டில் இந்த வேலை முழுக்க ஒரு மகள் மேலோ மருமகள் மேலோதான் விழுகிறது. ஆண்கள் வாசலில் நின்று மருத்துவர்களோடு பேசுகிறார்கள், பெட்பேனை எடுப்பது அவள். அண்ணன் தம்பிகள் வாரத்தில் இரண்டு ராத்திரியாவது முறை வைத்துக்கொண்டு கண் விழிக்க வேண்டும். புரட்டவும் துடைக்கவும் ஆண்களுக்கும் ஒரு மணி நேரத்தில் நர்ஸ் கற்றுத் தருவார். மனம் மிகவும் உடைந்துபோனால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், இலவசம்.

வீட்டில் இறந்துவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும்? போலீஸ் வருமா?

நாள்பட்ட நோயில் எதிர்பார்த்து நடந்த மரணத்துக்குப் போலீஸும் பிரேதப் பரிசோதனையும் தேவையில்லை. பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்புக் காரணச் சான்று கேளுங்கள், சிகிச்சைச் சீட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம், நகரத்தில் நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்தில். பதினாறாம் நாள் விசேஷம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுத் தேதியைத் தவறவிடுகிறவர்கள் பலர். தாமதமானால் கட்டணமும் அலைச்சலும்.

மீதி மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். வேறு யாருடைய வலிக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், குழந்தைகள் கையில் கிடைக்கும்படி வைக்காதீர்கள். இரவலாக வந்த ஏர் பெட்டைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவைத்து, காற்றை இறக்கி மடித்து வையுங்கள். பம்பையும் குழாயையும் சேர்த்து வையுங்கள், நர்ஸ் வந்து எடுத்துக்கொள்வார்.